விடையிலிருந்து பின்னோக்கி

ஓர் ஈரிலக்க எண். இலக்கங்களின் கூடுதல் 11. இலக்கங்களை இடம் மாற்றினால் எண்ணில் 27 குறைகிறது. அந்த எண் 65-ஆ, 74-ஆ, 83-ஆ, 92-ஆ?

பள்ளியில் கற்றபடி செய்கிறவர் இரண்டு இலக்கங்களுக்கும் இரண்டு எழுத்துகளை வைத்து, இரண்டு சமன்பாடுகளை எழுதி, கூட்டிக் கழித்து 74-க்கு வந்து சேர்வார். நிதானமாக எழுதினால் ஒன்றரை நிமிடம் ஆகும். கோச்சிங் சென்டரில் தேறியவர் பேனாவையே எடுக்க மாட்டார். 65-ஐத் திருப்பினால் 56, வித்தியாசம் 9. 74-ஐத் திருப்பினால் 47, வித்தியாசம் 27. விடை கிடைத்துவிட்டது, அடுத்த கணக்குக்குப் போகலாம். பத்து விநாடிகூட ஆகாது.

எம்பிஏ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இன்று பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான் பழக்கப்படுகிறார்கள். ஆப்ஷன்களை ஒவ்வொன்றாகக் கணக்கில் போட்டுப் பார்ப்பது, எக்ஸுக்கு வசதியான ஓர் எண்ணைக் கொடுத்துப் பார்ப்பது, ஒரு வரிச் சூத்திரமாகச் சுருக்கிய ஷார்ட்கட்டை மனப்பாடம் செய்வது என்று இதற்குப் பல முகங்கள் உண்டு. ராயப்பேட்டை மணிக்கூண்டைச் சுற்றியுள்ள வீடுகளிலும் மேன்ஷன்களிலும் தங்கி, பக்கத்தில் அண்ணா சாலையில் இருக்கும் தேவநேயப் பாவாணர் நூலகத்தில் இடம் பிடித்துப் படிக்கும் பிள்ளைகள் சிலருக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். இந்தப் பழக்கம் அவர்களை எங்கே தூக்கிவிடுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதை அருகிலிருந்து பார்த்துவருகிறேன். கணித ஆசிரியர்கள் பலர் இதைக் குறுக்கு வழி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறார்கள். அது நியாயமில்லை என்பது என் கருத்து.

தேர்வின் நெருக்கடி அப்படி. ஐஐஎம்கள் நடத்தும் கேட் தேர்வில் கணிதப் பகுதிக்கு 40 நிமிடம். 2021 முதல் 2024 வரை அந்தப் பகுதியில் 22 கேள்விகள் வந்தன. கேள்விக்கு 109 விநாடி. ஆங்கிலத்தில் இருக்கும் கேள்வியைப் படித்து, புரிந்துகொண்டு, போட வேண்டுமா விட வேண்டுமா என்று முடிவெடுத்து, போட்டும் முடிக்க அவ்வளவுதான் நேரம். ஆப்ஷன் உள்ள கேள்வியில் சரியான விடைக்கு 3 மதிப்பெண். தவறினால் 1 கழியும். நான்கு ஆப்ஷனில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் சராசரியாக லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. நான்கில் ஒரு முறை 3 வரும். மற்ற மூன்று முறையும் ஒவ்வொன்றாகப் போகும். ஆனால் ஒரே ஓர் ஆப்ஷனையாவது நிச்சயமாகத் தள்ள முடிந்தால், கணக்கு நம் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஆகவே போட்டுப் பார்த்துத் தள்ளுவதை மதிப்பெண் முறையே ஊக்குவிக்கிறது. அதைச் செய்யும் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இது கோச்சிங் சென்டர்கள் கண்டுபிடித்த உத்தியும் அல்ல. இரண்டாம் பாஸ்கரர் 1150-இல் எழுதிய லீலாவதியில் இஷ்ட கர்மம் என்றொரு முறை இருக்கிறது. விரும்பிய ஓர் எண்ணை விடையாக வைத்துக்கொண்டு, கணக்கு சொல்வதையெல்லாம் அதற்குச் செய்து, வந்ததையும் வரவேண்டியதையும் ஒப்பிட்டு விகிதத்தால் திருத்துவது. ஓர் எண்ணின் மூன்றில் ஒரு பங்கும் நான்கில் ஒரு பங்கும் சேர்ந்து 35 என்றால், எண்ணை 12 என்று வைத்துக்கொள்ளலாம். நான்கும் மூன்றும் ஏழு. வரவேண்டியது அதைப்போல ஐந்து மடங்கு. ஆக எண் 60. பின்னத்தையே தொடாமல் முடிந்துவிட்டது. எகிப்தின் ரைண்ட் பாப்பிரஸ் ஏட்டிலும் இதே உத்தி உண்டு.

இதே கேள்வியில் ஒரு சிறு மாற்றம். இரண்டு பங்குகளோடு 5-ஐயும் கூட்டினால் 40 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையான விடை இப்போதும் 60-தான். ஆனால் 12-ஐப் போட்டால் 12 வருகிறது. விகிதத்தால் திருத்தினால் 40 என்ற தவறான விடை கிடைக்கிறது. அந்த 5 சேர்ந்தவுடன் விகிதம் கலைந்துவிட்டது. இந்த எல்லை தெரிந்தவருக்கு இஷ்ட கர்மம் நல்ல கருவி. தெரியாதவருக்கு அது தவறான விடையையும் சரியான விடையைப் போலவே காட்டும்.

இதேபோல் போட்டுப் பார்க்கும் முறைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. பயிற்சி வகுப்புகள் அதைச் சொல்லித்தருவதில்லை என்பதுதான் என் முதன்மையான குறை. எண் எது என்று கேட்கும் கேள்வியில், நிபந்தனைகள் அனைத்தையும் நிறைவு செய்யும் ஓர் ஆப்ஷனைக் கண்டுபிடித்தால் அதுவே முழுமையான நிரூபணம். ஒரே ஒரு விடைதான் சரி என்று தேர்வே உறுதி கொடுத்திருக்கிறது. 74-ஐப் போட்டுப் பார்த்தவர் எந்த விதத்திலும் குறைவான கணிதம் செய்யவில்லை. ஆனால் எப்போதும் உண்மை எது என்று கேட்டால் நிலைமை தலைகீழ். அங்கே போட்டுப் பார்த்து ஒரு கூற்றை வீழ்த்த முடியும், நிலைநாட்ட முடியாது.

ஓர் எண்ணின் வர்க்கம் அந்த எண்ணைவிடப் பெரியது. அப்படியானால் கட்டாயம் உண்மை எது? அந்த எண் 1-ஐ விடப் பெரியது. அது ஒரு மிகை எண். அதன் கனம் அதைவிடப் பெரியது. இவற்றுள் எதுவும் இல்லை. பழக்கத்தின்படி 2-ஐப் போட்டால் முதல் மூன்றும் உண்மையாக வரும். 3-ஐப் போட்டாலும், 10-ஐப் போட்டாலும் அப்படித்தான். எத்தனை எண்களைப் போடுகிறோமோ அவ்வளவுக்கு நம்பிக்கை கூடுகிறது, தவறும் உறுதிப்படுகிறது. −2-ஐப் போட்ட கணத்தில் மூன்றும் ஒரேயடியாக விழுகின்றன. வர்க்கம் 4, அது −2-ஐ விடப் பெரியது, நிபந்தனை சரி. ஆனால் எண் மிகையுமல்ல, ஒன்றுக்கு மேலும் இல்லை, அதன் கனமான −8 அதைவிடச் சிறியது. குறை எண்ணைப் போட வேண்டும் என்று எப்படித் தோன்றும்? எண்ணுக்கும், எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதற்கும் உள்ள பெருக்கற்பலன் மிகையாக இருக்க வேண்டும் என்று காரணிப்படுத்திப் பார்த்தவருக்குத் தோன்றும். இரண்டு காரணிகளும் மிகையாக இருக்கலாம், இரண்டும் குறையாகவும் இருக்கலாம் அல்லவா? எந்த எண்ணைப் போட வேண்டும் என்பதைச் சொல்வதற்கே இயற்கணிதம் வேண்டியிருக்கிறது.

ஜிமேட் தேர்வில் இரண்டு கூற்றுகளைக் கொடுத்து, விடை காண இவை போதுமா என்று மட்டும் கேட்கும் ஒரு வகை உண்டு. இந்த வேறுபாட்டை அதைவிட நேர்த்தியாகச் சோதிக்கும் கேள்வியை நான் பார்த்ததில்லை. இரண்டு எண்கள் இரண்டு வேறு விடைகளைத் தந்தால் கூற்று போதாது என்பது அங்கேயே முடிந்துபோகிறது. இருபது எண்கள் ஒரே விடையைத் தந்தாலும் போதும் என்பது முடிவாவதில்லை.

இனி ஷார்ட்கட். 20 ரூபாய் பேனாவும் 30 ரூபாய் நோட்டும் விற்கிறார்கள். இரண்டிலும் குறைந்தது ஒன்றாவது வாங்கி, சரியாக 600 ரூபாய் செலவழிக்க எத்தனை வழிகள்? பி.காம். கடைசி ஆண்டு படிக்கும் பெண் ஒருவர் இதை எழுதாமலேயே சொன்னார்: “ஒன்பது சார். 20-க்கும் 30-க்கும் மீச்சிறு பொது மடங்கு 60. 600-ஐ 60-ஆல் வகுத்தால் 10, அதிலிருந்து ஒன்றைக் கழிக்கணும்.” சரியான விடை. 600-ஐ 610 ஆக்கிக் கொடுத்தேன். வகுத்தால் பத்து சொச்சம் வருகிறது. சொச்சத்தை விட்டுவிட்டு, ஒன்றைக் கழித்து, மறுபடி ஒன்பது என்றார். பட்டியல் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒரு நோட்டு வாங்கினால் 29 பேனா, மூன்று நோட்டுக்கு 26 பேனா, ஐந்துக்கு 23 என்று இறங்கி, 19 நோட்டுக்கு 2 பேனாவில் முடிகிறது. பத்து வழிகள்.

“அந்த ஒன்றை எதுக்கு சார் கழிக்கிறோம்?” என்று அப்போதுதான் கேட்டார். 600-இல் பணம் முழுவதையும் பேனாவிலேயே செலவழிக்கலாம், நோட்டிலேயும் செலவழிக்கலாம். அந்த இரண்டு ஓரங்களும் நமக்கு ஆகாது என்பதால் எண்ணிக்கையில் திருத்தம் வருகிறது. 610-இல் அப்படி ஓரமே இல்லை. முழுத் தொகைக்கும் பேனா வாங்கினாலும் மிச்சம் வரும், நோட்டு வாங்கினாலும் மிச்சம் வரும். அவருக்கு ஷார்ட்கட் கொடுத்த தாளில் இந்த விளக்கம் இல்லை. சூத்திரமும், அதற்குப் பொருந்தும்படி தேர்ந்தெடுத்த உதாரணங்களும் மட்டும் இருந்தன. இதேபோல் இன்னொன்று: ஓர் எண்ணும் அதன் தலைகீழியும் சேர்ந்து 3 என்றால் அவற்றின் கனங்களின் கூடுதல் 18. 27-இலிருந்து 9-ஐக் கழி என்று மனப்பாடம் செய்தவர், கூடுதலுக்குப் பதில் வித்தியாசம் 3 என்று வந்தாலும் கழிக்கிறார். அங்கே 9-ஐக் கூட்ட வேண்டும், கனங்களின் வித்தியாசம் 36. பத்தாம் வகுப்புக்குள் படித்த ஒரு முற்றொருமையை ஒரு முறை விரித்து எழுதிப் பார்த்தவர் இதில் தவற மாட்டார்.

தேர்வை அமைப்பவர்களும் சும்மா இருக்கவில்லை. 2015-லிருந்து கேட் தேர்வில் ஆப்ஷனே இல்லாத கேள்விகள் வருகின்றன. விடையை நாமே தட்டச்சு செய்ய வேண்டும், தவறினால் கழிவு கிடையாது. கணிதப் பகுதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி. திரையில் கால்குலேட்டரும் அதே ஆண்டில் வந்தது. அன்றிலிருந்து மின்னல் வேகப் பெருக்கலுக்கு இருந்த மதிப்பு குறைந்துவிட்டது, ஆனாலும் அதை விற்கும் வகுப்புகள் குறையவில்லை. எத்தனை முழு எண்கள், மீப்பெரு மதிப்பு எது என்று ஆப்ஷன் இல்லாமல் கேட்கும்போது, பின்னோக்கி வரப் பழகியவருக்கு எங்கிருந்து கிளம்புவது என்றே தெரிவதில்லை. மாக் டெஸ்டில் முதல் பாதியில் நன்றாகப் போட்டவர்கள் இந்தக் கேள்விகளில் வெள்ளைத்தாளை வெறித்துக்கொண்டிருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன். ஆப்ஷன் இருக்கும் கேள்விகளிலும் கண்ணி உண்டு. தந்தைக்கு மகனைப்போல மூன்று மடங்கு வயது, 10 ஆண்டுகள் கழித்து இரண்டு மடங்கு. அப்போது தந்தையின் வயது என்ன? விடை 40. ஆனால் ஆப்ஷன்களில் 30-ம் இருக்கும், அதுதான் தந்தையின் இன்றைய வயது. போட்டுப் பார்க்கிறவர் அது பொருந்தியவுடன் நின்றுவிடுவார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பள்ளி இயற்கணிதத்தைத் தூக்கிப் பிடிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. நம் மாநிலத்துப் பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் 100-க்கு 14 மதிப்பெண்கள்தான் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு. மீதி 86-க்கும் வழிமுறையை எழுதிக் காட்ட வேண்டும், படிக்குப் படி மதிப்பெண் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது வளர்த்த பழக்கம் வேறு. எக்ஸ் என்க என்று தொடங்கி, படிகளை வரிசை தவறாமல் இறக்கி, கடைசியில் ஆட்களின் எண்ணிக்கை −12 அல்லது 15 என்று இரண்டையும் எழுதிவைக்கிற பிள்ளைகள் வருகிறார்கள். வந்த விடையைக் கேள்வியில் திரும்பப் போட்டுப் பார்க்க அவர்களை யாரும் பழக்கவில்லை. படிகளை மனப்பாடம் செய்ததும் சூத்திரத்தை மனப்பாடம் செய்ததும் ஒரே வகைதான். பயிற்சி வகுப்பு கற்றுத்தரும் அந்தச் சோதிக்கும் புத்தியை, ஆப்ஷன் என்ற ஊன்றுகோல் இல்லாமல், எட்டாம் ஒன்பதாம் வகுப்பிலேயே கொடுத்திருக்க வேண்டும். கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அது கிடைக்கும் ஒரே இடம் பள்ளிதான். கேட் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. தமிழ் வழியில் படித்து வருகிறவருக்கு அந்த 109 விநாடியில் ஒரு பகுதி மொழிக்கே போய்விடுகிறது. கையில் உத்திகள் இல்லாமல் அவரை அனுப்புவது கொடுமை.

சூத்திரப் புத்தகத்தாலேயே ஒருவர் கெட்டுப்போவதில்லை என்பதற்கும் நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. ராயப்பேட்டைக்குப் பக்கத்தில் திருவல்லிக்கேணியில் குடியிருந்து, மெட்ராஸ் துறைமுகத்தில் எழுத்தராக வேலை பார்த்த ராமானுஜன், கும்பகோணத்தில் பதினைந்து பதினாறு வயதில் கையில் எடுத்த புத்தகம் ஜி. எஸ். கார் எழுதியது. கார், லண்டனில் மாணவர்களைத் தேர்வுக்குத் தயார்செய்த தனிப் பயிற்சியாளர். ஆயிரக்கணக்கான முடிவுகளை வரிசையாகக் கொடுத்த அந்தப் புத்தகத்தில் நிரூபணங்கள் மிகச் சுருக்கம். பல இடங்களில் இல்லவே இல்லை. ராமானுஜன் அந்த வரிகளை மனப்பாடம் செய்துகொண்டு போகவில்லை. ஒவ்வொன்றும் ஏன் உண்மை என்று தாமே சிலேட்டில் போட்டுப் பார்த்தார். எல்லோரும் ராமானுஜன் ஆக முடியாது என்பது உண்மை. ஆனால் ஒரு ஷார்ட்கட்டை ஒரே ஒரு முறை தானே வருவித்துப் பார்ப்பதற்கு மேதைமை தேவையில்லை. அரை மணி நேரம் போதும்.

அந்த அரை மணி நேரம்தான் கிடைப்பதில்லை. கேட் தேர்வு பெரும்பாலும் நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. செப்டம்பர் பிறந்துவிட்டால் மாக் டெஸ்ட், பெர்சன்டைல், அடுத்த மாக் டெஸ்ட் என்று ஓடத் தொடங்கிவிடுவார்கள், அப்போது யாரையும் நிறுத்திக் கேள்வி கேட்க முடியாது. அதனால் ஜூன், ஜூலையிலேயே செய்துவிடுகிறேன். ஆப்ஷனைப் போட்டு முடித்த கணக்கில் ஆப்ஷன்களை அடித்துவிட்டு மறுபடி போடச் சொல்வேன். பிறகு ஓர் எண்ணை மாற்றிக் கொடுத்து, ஷார்ட்கட் இன்னும் செல்லுமா என்று கேட்பேன். ஒரு மணி நேரத்தில் நான்கைந்து கணக்குகள்தான் நகரும். இன்னொரு வகுப்பில் அதே நேரத்தில் முப்பது கணக்குகள் போடுகிறார்கள் என்று பெற்றோர் வந்து சொல்வதுண்டு. அந்த முப்பதில் எத்தனை கணக்குகளை ஆப்ஷனை மறைத்துக்கொண்டு போட முடிகிறது என்று பிள்ளையிடமே கேட்டுப் பார்க்கும்படி சொல்லி அனுப்புகிறேன்.