அறிவியல் வகுப்பிலும் வாசிப்பு

‘சூரிய வெப்பத்தால் ஆவியான நீர் மேலே சென்று குளிர்ந்து நுண்துளிகளாக மாறி மேகமாகிறது.’ ஆறாம் வகுப்பு அறிவியலில் இப்படியொரு வாக்கியம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பதினொரு வயதுப் பிள்ளை பிசகில்லாமல் உரக்க வாசித்துவிடும். “மேகமானது எது?” என்று கேட்டால் விழிக்கும். வீட்டில் யாரும் இப்படிப் பேசுவதில்லையே. எச்சங்களை வரிசையாகக் கோத்துக் கடைசியில் வினைமுற்றைச் சொல்லும் உரைநடை மதுரைப் பிள்ளைக்கும் புதிது, மட்டக்களப்புப் பிள்ளைக்கும் புதிது. எழுத்துக்கூட்டத் தெரிந்த பிறகும் கற்க வேண்டிய இந்த வாசிப்பை நடுநிலை வகுப்புகளில் யார் கற்றுக்கொடுக்கிறார்கள்?

தமிழ்நாடு முதலில் பின்தங்கிய பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. பெருந்தொற்றுக் காலத்து இழப்பை ஈடுகட்ட 2021இல் இல்லம் தேடிக் கல்வி வந்தது. 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும். 2025இல் தொடங்கிய ‘திறன்’ திட்டம் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ளவர்களுக்குத் தேர்வு வைத்து, தடுமாறுகிறவர்களுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கில் தனிப் பயிற்சி தருகிறது. ஏழாம் வகுப்பில் இருப்பவருக்கு வாசிக்க வராது என்பதை ஓர் அரசே ஒப்புக்கொண்டு வேலையில் இறங்குவது பெரிய காரியம். வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் வந்தவை அவை. வளர்ந்த பிள்ளையிடம் அணில், ஆடு படம் போட்ட அரிச்சுவடியைக் கொடுத்துக் கூசவைக்காமல், ஒரு கதையைக் கையில் கொடுக்கிறார்கள்.

இலங்கையில் வடிகட்டல் முன்பே நடந்துவிடுகிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தவர்கள் பெரிய பாடசாலைகளுக்குப் போய்விட, மற்றவர்கள் ஊர்ப் பாடசாலையிலோ தோட்டப் பாடசாலையிலோ தங்குகிறார்கள். அதன் பிறகு பதினோராம் தரத்துச் சாதாரண தரப் பரீட்சை வரை தேசிய அளவில் பொதுப் பரீட்சை கிடையாது. இடைப்பட்ட ஆண்டுகளில் வாசிக்கத் தெரியாத பிள்ளை தவணைக்குத் தவணை கண்ணில் படாமலே நகர்ந்துவிட முடியும். பரிகாரக் கற்பித்தல் செய்யச் சொல்கிறார்கள். அதற்கான நேரத்தையும் துணையையும் பெரும்பாலும் ஆசிரியர்தான் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆனால் அங்கே எனக்கு மிகப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு: தமிழ்மொழித் தினப் போட்டி. பாடசாலையில் தொடங்கிக் கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறித் தேசிய மேடை வரை போகும் அந்தப் போட்டிக்காகப் பேச்சும் பாவோதலும் கட்டுரையும் சிறுகதையும் பழகுகிறார்கள். எழுத்துத் தமிழின் நீண்ட வாக்கியத்தை வாயால் சொல்லி, காதால் கேட்டு, எங்கே நிறுத்த வேண்டும் என்று உணர்கிற பிள்ளைக்குப் பாடப்புத்தகத்து வாக்கியம் அந்நியமாக இராது. இந்தப் பயிற்சி மேடையேறும் ஒருசிலரோடு நின்றுபோவதுதான் என் மனக்குறை. பின்வரிசைப் பிள்ளைக்கே இது அதிகம் தேவை.

மேகக் கேள்விக்கு மிக அருகில் வந்தது தமிழ்நாட்டின் படைப்பாற்றல் கல்வி முறை. செயல்வழிக் கற்றல் சிறு வகுப்புகளில் பரவியதைத் தொடர்ந்து மேல்வகுப்புகளுக்கு வந்தது அது. பாடத்தைப் பிள்ளையே முதலில் வாசிக்க வேண்டும். புரியாத சொல்லை அடிக்கோடிட்டுக் குழுவில் கேட்க வேண்டும். பிறகு மனவரைபடம் வரைந்து, தொகுத்து, சொந்தமாக எழுத வேண்டும். அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் இதே முறைதான். நல்ல விதை அது. போகப்போகப் பல வகுப்பறைகளில் மனவரைபடம் வண்ணப் பேனா வேலையாகச் சுருங்கிவிட்டது. இலங்கையில் 2007இல் ஆறாம் தரத்துக்கு வந்த ஐந்து படிக் கற்பித்தலும் பிள்ளைகளைக் குழுவாகத் தேடி அறியச் சொன்னது. தேடுவதற்குத் தரும் பக்கத்தை அவர்களால் வாசித்துப் புரிந்துகொள்ள முடியுமா என்பது இரண்டு இடத்திலும் போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

‘திறன்’ வகுப்பில் கதை வாசிக்கத் தேறிய பிள்ளை, அடுத்த பாடவேளையில் அதே மேக வாக்கியத்தின் முன் வந்து உட்காருகிறது. அறிவியல் ஆசிரியர் பாடத்தைத் தானே விளக்கிவிடாமல், ஒரு பத்தியைப் பிள்ளைகளை வாசிக்கவிட்டு “எது ஆவியானது? எது குளிர்ந்தது?” என்று கேட்கப் பத்து நிமிடம் ஒதுக்கலாம். பாடத்தை முடித்தாக வேண்டிய அவசரத்தில் இருப்பவரிடம் வெறுமனே இதைக் கேட்பது நியாயமாகாது. இலங்கையில் ஆசிரிய ஆலோசகரும் தமிழ்நாட்டில் ஆசிரியர் பயிற்றுநரும் வகுப்பைப் பார்க்க வரும்போது, எத்தனை பாடம் முடிந்தது என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, அந்தப் பத்து நிமிடத்தை உட்கார்ந்து கவனிக்கட்டும்.