பேய் பேசும் மொழி: ‘மணிச்சித்திரத்தாழ்’, ‘சந்திரமுகி’ ஆகியன பற்றி ஒரு நோக்கு

மீளாக்கத் திரைப்படம் ஒன்றை மதிப்பிட முற்படுவோர் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களுள் ஒன்றையே கைக்கொள்கின்றனர். மூலத்துக்கு அது எவ்வளவு விசுவாசமாக அமைந்துள்ளது என்பது ஒன்று. எத்தனை நாள்கள் ஓடியது என்பது மற்றையது. முன்னையது மீளாக்கத்தைப் பிரதியெடுக்கும் தொழிலாகவும், பின்னையது விமரிசனத்தைக் கணக்கெழுதும் தொழிலாகவும் ஆக்கிவிடுகின்றன. திகிற் படங்களைப் பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் முற்பட்ட கேள்வியொன்று உண்டு. பார்வையாளன் எதற்கு அஞ்சுகிறான், அவ்வச்சம் எங்கிருந்து பிறக்கிறது என்பதே அது. 1993ஆம் ஆண்டின் இறுதியில் மலையாளத்தில் வெளிவந்த ‘மணிச்சித்திரத்தாழ்’, 2005 ஏப்ரலில் தமிழில் வெளிவந்த ‘சந்திரமுகி’ ஆகிய இரண்டையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து இக்கேள்வியே முதன்மை பெறுகின்றது.

மது முட்டம் எழுதிப் பாசில் நெறிப்படுத்திய மூலப்படத்தின் கதை பலரும் அறிந்ததே. கல்கத்தாவில் வாழ்ந்த நகுலனும் மனைவி கங்கையும் மாடம்பள்ளி என்னும் பழைய வீட்டில் வந்து குடியேறுகின்றனர். அவ்வீட்டின் தெற்குக் கட்டில் ஓர் அறை வேலைப்பாடமைந்த தாழிட்டுப் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. (படத்தின் பெயரிலுள்ள ‘தாழ்’ தமிழனுக்கும் உரியது, தாழ்ப்பாள் என்று நாள்தோறும் வழங்குவது.) தஞ்சாவூரிலிருந்து கொணரப்பட்ட நாகவல்லி என்னும் நாட்டியப்பெண், அவளுடைய காதலன் இராமநாதன், அவளைக் கொன்ற சங்கரன் தம்பி என்னும் காரணவர் ஆகியோரின் பழங்கதை அந்த அறையோடு பிணைந்தது. கங்கை அறையைத் திறக்கிறாள். அதன்பின் நிகழும் விபரீதங்களை ஆராய வரும் உளமருத்துவர் சன்னி, பேய் எனப்படுவது கங்கையின் பிளவுற்ற மனமே எனக் கண்டறிகிறார்.

இக்கதையில் மனங்கொள்ளத்தக்கது, வீடு யாருடையது என்பதாகும். மாடம்பள்ளி நகுலனின் பரம்பரை வீடு. சங்கரன் தம்பி அவ்வீட்டின் முன்னோர்களுள் ஒருவன். எனவே கொலை நிகழ்ந்த வீட்டுக்கு மட்டுமன்றிக் கொலைஞனின் குடிக்கும் நகுலன் வாரிசாகிறான். அவன் தீயவனல்லன், அலுவலில் மூழ்கி மனைவியைத் தனிமையில் விடும், நாடெங்கும் காணத்தக்க நல்ல கணவன். இளமையில் பெற்றோரைப் பிரிந்து பாட்டியின் கதைகளோடு வளர்ந்த கங்கை, பெரிய வீடொன்றில் மீண்டும் தனித்து விடப்படுகிறாள். அவள் கணவனைச் சங்கரன் தம்பியாகக் காண்பது நோயின் விளைவு என மருத்துவர் கூறுகிறார். அது மருத்துவ நியாயம். கதையின் நியாயமோ அதைவிட ஆழமானது: அவள் முற்றிலும் பிழையாகக் காணவில்லை. கணவனின் குருதியில் ஓடும் பழியை நோயாளி மட்டுமே காண்கிறாள் என்பதில்தான் படத்தின் திகில் இருக்கிறது.

இப்பழிக்குக் குரலாக அமைவது தமிழ். நாகவல்லியாக மாறும் கங்கை மலையாளம் பேசுவதில்லை, தமிழ் பேசுகிறாள். திருமணப் பொருள்கள் வாங்கப் புறப்படும் அவளை நகுலன் தடுக்கும் காட்சி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. முதலில் மனைவிக்குரிய கெஞ்சல், பின்னர் சினம், பின்னர் மலையாளச் சொற்களினூடே தமிழ் ஏறி வர, ஒரு கையால் கட்டிலைத் தூக்கி நிற்கிறாள். மாயத் தோற்றமோ ஒப்பனையோ அங்கு இல்லை. ஒரு வாக்கியத்தின் நடுவே மொழி மாறுவதே போதுமாகிறது. கணவன் பெயர் சொல்லி அழைத்ததும் அவள் எதுவும் அறியாதவளாய் மீள்கிறாள். கங்கைக்குப் பாக்கியலட்சுமியும் நாகவல்லிக்குத் துர்கா என்னும் மற்றொரு கலைஞரும் குரல் கொடுத்தனர் என்பது நெடுங்காலத்தின் பின்னரே பரவலாக அறியப்பட்டது. இரு குரலையும் ஒருவருடையதாகவே மக்கள் எண்ணியிருந்தமை, ஒரே உடலிலிருந்து இரண்டும் எழுவதாகக் காட்டிய சோபனாவின் நடிப்புக்குச் சான்றாகும். அவ்வாண்டின் சிறந்த நடிகைக்கான இந்திய தேசிய விருது அவருக்குக் கிடைத்ததில் வியப்பில்லை.

தமிழைத் தேர்ந்தமை வெறும் உத்தியன்று. தஞ்சை நாட்டியக் கலைஞர்கள் திருவிதாங்கூருக்குச் சென்று வாழ்ந்த வரலாறு உண்டு. 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாளின் அவையில் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு இருந்தார். கலைக்காக வரவழைக்கப்படுவோர் அனைவரும் அவரைப் போல மதிப்புடன் வாழ்ந்தனர் எனக் கொள்ள இயலாது. மேலும், மலையாளிக்குத் தமிழ் பாதி விளங்கும், பாதி விளங்காத மொழி. முற்றிலும் விளங்காத மொழி ஓசையாக மட்டும் நின்றுவிடும். பாதி விளங்குவது மனத்தைத் துளைக்கும். உச்சக்கட்ட நடனப் பாடலின் தமிழ் வரிகளை வாலி எழுத, மலையாள வரிகளைப் பிச்சு திருமலை எழுதினார். ஒரே பாடலுள் இரு மொழியும் அருகருகே வைக்கப்பட்டமையும் இந்நோக்கிலேயே பொருள் பெறுகிறது.

தமிழ்ப் பார்வையாளன் மூலப்படத்தைப் பார்க்கும்போது நேர்வது விசித்திரமானது. வீட்டிலுள்ளோரின் பேச்சை அவன் முயன்று விளங்கிக்கொள்கிறான். பேயின் பேச்சு மட்டுமே முயற்சியின்றிச் செவியில் விழுகிறது. மலையாளப் பார்வையாளனுக்கு அந்நியமாக ஒலிக்கும் குரல் அவனுக்குத் தன் வீட்டுக் குரல். அயலூருக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கு கொல்லப்பட்டு, யாருக்கும் விளங்காத மொழியில் முறையிடும் பெண்ணின் பக்கத்தில் அவன் தன்னையறியாமலே நிற்கத் தொடங்குகிறான். அவளுக்கு அஞ்சுவதா, அவளுக்காக இரங்குவதா என்ற தடுமாற்றம் மலையாளிக்கு எளிதில் வாய்க்காதது.

பி. வாசு நெறிப்படுத்திய ‘சந்திரமுகி’யில் இவ்விடம் மாறுகிறது. வீடு தமிழ் பேசுகிறது. ஆதலால் பேய் வேறு மொழி பேச வேண்டியதாகிறது. விஜயநகரத்திலிருந்து கொணரப்பட்ட சந்திரமுகி தெலுங்கு பேசுகிறாள். இதற்கு முன் 2004இல் வாசுவே கன்னடத்தில் எடுத்த ‘ஆப்தமித்ரா’விலும் பேயின் மொழி தெலுங்கே. 2007இல் பிரியதர்சன் இந்தியில் எடுத்த ‘பூல் புலையா’விலோ அது வங்காளமாயிற்று. எந்த மொழியில் எடுத்தாலும் பேய் அயலாரின் மொழியையே பேசுகிறது. ஒவ்வொரு சமூகமும் தன் வீட்டில் பூட்டிவைத்த அயலாள் யார் என்பதை இப்பட்டியலே கூறிவிடுகிறது.

தெலுங்கைத் தேர்ந்தமை பிழையன்று. தமிழ்ச் சூழலில் அதனினும் பொருத்தமான தேர்வு இருந்திருக்க முடியாது என்றே கூறலாம். தஞ்சை நாயக்கர் காலம் முதல் தமிழகத்து அவைகளில் இசைக்கும் ஆடலுக்கும் தெலுங்கே தலைமை மொழியாயிருந்தது. சதிர் ஆடிய பெண்கள் அபிநயித்த பதங்களும் சாவளிகளும் பெரும்பாலும் தெலுங்கில் அமைந்தவை. க்ஷேத்ரய்யரின் பதங்கள் அவற்றுள் தலையானவை. தமிழ்நாட்டு அரசவையில் தெலுங்கில் பாடி ஆடும் பெண் அந்நியளல்லள். அவளே அக்கலையின் மரபுவழி உருவம். போற்றப்பட்டும் இழிக்கப்பட்டும், பின்னர் பெயர் மாற்றிப் புதுமை செய்யப்பட்ட கலையிலிருந்து விலக்கப்பட்டும் போன அப்பெண்களின் நினைவு, தமிழ்ச் சமூகம் பூட்டிவைத்த அறைகளுள் ஒன்று. மீளாக்கம் அந்த அறையின் வாயில்வரை வந்து நிற்கிறது. ஆனால் தாழைத் தொடவில்லை. அங்கு தெலுங்கு ஒரு வரலாற்றின் குரலாக ஒலிக்காமல், அச்சமூட்டும் வேற்று ஓசையாக மட்டுமே நின்றுவிடுகிறது. புவனசந்திரா தெலுங்கில் எழுதி, வித்தியாசாகர் இசையமைத்த பாடலின் கவர்ச்சி மறுக்கற்பாலதன்று. ஆயின் அப்பாடல் முடிந்ததும் அம்மொழிக்கு அவ்வீட்டில் வேறு அலுவல் இல்லை.

இதற்கான காரணத்தை வீட்டிலேயே காணலாம். மீளாக்கத்தில் வேட்டையபுரம் அரண்மனை கணவன் செந்தில்நாதன் விலைகொடுத்து வாங்கியது. கொலைஞனான வேட்டையனுக்கும் அவனுக்கும் உறவெதுவும் இல்லை. இம்மாற்றம் கதையாசிரியருக்குச் சிறியதாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் மூலத்தின் உயிர்நாடி இங்கேதான் அறுபடுகிறது. பரம்பரைப் பழி வீட்டுப் பத்திரத்தோடு கைமாறும் சொத்தாகிவிட்டது, கணவன் குற்றமற்றவனாகிவிட்டான், மனைவியின் நோய் வெறும் நோயாகிவிட்டது. மூலப்படத்தில் நகுலன் முறைப்படி மணந்திருக்க வேண்டிய ஸ்ரீதேவி மீது விழும் சந்தேகத்துக்கு, சாதகக் குற்றத்தின் பெயரால் ஒதுக்கப்பட்ட பெண் என்ற சமூக அடிப்படை உண்டு. மீளாக்கத்தில் துர்கா மீது விழும் சந்தேகம் பார்வையாளனைத் திசைதிருப்பும் தந்திரம் மட்டுமே.

வெற்றிடமான அந்நடுவில் நாயகர் வந்து அமர்கிறார். மோகன்லாலின் சன்னி படம் கணிசமான தூரம் ஓடிய பின்னரே தோன்றுகிறார். அதுவரை வீடும் பெண்ணுமே கதையை நடத்துகின்றனர். ரஜினிகாந்தின் சரவணனோ தொடக்கத்திலேயே சண்டையுடனும் பாடலுடனும் நுழைந்து, பிறர் மனத்தில் நினைப்பதையும் வாசித்துவிடுகிறார். மனத்தை வாசிக்க வல்லவர் இருக்குமிடத்தில் மனநோய்க்கு என்ன மர்மம் எஞ்சும்? இதனோடு, அரண்மனையில் பெரும் பாம்பொன்றும் ஊர்கிறது. கன்னடப் படத்திலிருந்து வந்த அப்பாம்பு எதன் பொருட்டு அங்கு இருந்தது என்பதைப் படம் இறுதிவரை விளக்கவில்லை. பேயில்லை என்று நிறுவப் புறப்பட்ட கதைக்கு அது பெரும் பாரம்.

எனினும் மீளாக்கத்தில் உண்மையாகவே அச்சந்தரும் பகுதியொன்று உண்டென்பதை மறைத்தல் நேர்மையன்று. ரஜினிகாந்தே வேட்டையனாகவும் தோன்றும் சில நிமிடங்கள் அவை. அந்தச் சிரிப்பும் ‘லகலக’ என்னும் பொருளற்ற ஓசையும், நாயகத் தோற்றத்தின் அடியில் உறையும் கொடுமையைக் கணநேரம் வெளிக்கொணர்கின்றன. எழுபதுகளில் எதிர்நிலைப் பாத்திரங்களில் அவர் காட்டிய ஆற்றல் இங்கு மீள்கிறது. ஒரே நடிகர் மருத்துவராகவும் கொடுங்கோலனாகவும் தோன்றுவதும் ‘ஆப்தமித்ரா’ வழிவந்ததே. அங்கு விஷ்ணுவர்தன் அவ்விரண்டையும் ஏற்றார். ஆனால் தமிழ்ப்படத்தில்தான் அது நினைவில் தங்கும் உருவம் பெற்றது. குணப்படுத்துபவனுக்கும் கொல்பவனுக்கும் ஒரே முகம் என்ற எண்ணத்தைப் படம் தொடர்ந்து சென்றிருப்பின், மூலத்துக்கு இணையான வேறொரு திகில் பிறந்திருக்கும். கணவனிடமிருந்து அகற்றப்பட்ட பழி மருத்துவனிடம் வந்து சேர்ந்திருக்கும். படம் அவ்வாறு எண்ணவில்லை; கைதட்டலோடு வேட்டையனை அனுப்பிவிட்டு, சரவணனைக் குற்றமற்றவராக மீட்டுக்கொள்கிறது.

ஜோதிகாவைச் சோபனாவுடன் ஒப்பிட்டுக் குறைகூறுவது வழக்கமாகிவிட்டது. அது முழுவதும் நியாயமன்று. சோபனா தேர்ந்த பரதக் கலைஞர். ஜோதிகாவுக்கு அப்பயிற்சி இல்லை. தம் விழிகளைக் கொண்டு அக்குறையை ஈடுசெய்ய முயன்றார். கண்ணாடிமுன் மை தீட்டி நிற்குமிடத்தில் அவர் வெற்றியும் பெறுகிறார். பாத்திரத்துக்குத் தனிமை கொடுக்கப்படாமைக்கு நடிகை பொறுப்பாகார். பாடலும் நகைச்சுவையும் சண்டையும் அவளைச் சுற்றி ஓயாது நிகழும் வீட்டில் கங்கை தனித்திருந்தாள் என்று மருத்துவர் கூறும்போது, பார்வையாளன் அதைக் கேட்டு நம்ப வேண்டியிருக்கிறதேயன்றிக் கண்டு நம்ப முடிவதில்லை.

சென்னைச் சாந்தித் திரையரங்கில் 800 நாள்களுக்கு மேல் ஓடிய படத்தின் வெற்றியை இக்குறைகள் தடுக்கவில்லை. மூலத்தில் பேயின் மொழியைத் தன் மொழியாகக் கேட்ட தமிழ்ப் பார்வையாளன், மீளாக்கத்தில் வீட்டாரோடு சேர்ந்து அமர்ந்து, புரியாத மொழியில் அலறும் பெண்ணைப் பார்த்துப் பயந்து சிரித்தான். அவன் இருக்கை மாறியதை அவனே கவனித்ததாகத் தெரியவில்லை. வாசுவே 2023இல் எடுத்த ‘சந்திரமுகி 2’இல் பேய் மெய்யாகவே பேயாகிவிட்டது, அங்கு விசாரித்தறிய வேண்டிய இளமைப்பருவம் எந்தப் பெண்ணுக்கும் இல்லை.