ரிச்சர்டுக்கு வழிவிட்ட லண்டன்

2012இல் லெஸ்டர் நகரத்துக் கார் நிறுத்துமிடம் ஒன்றின் அடியில் மன்னன் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. அதோடு பழைய வாதம் ஒன்றும் உயிர்பெற்று எழுந்துவிட்டது: ஷேக்ஸ்பியரின் ரிச்சர்டுக்கு அரியணை மேல் இருந்த வெறிக்கு அவன் உடற்குறையே வேர் என்பது. ஃப்ராய்ட் 1916இலேயே இதற்கு உளவியல் அந்தஸ்து கொடுத்துவிட்டார். ஓர் அண்ணனைச் சிறையில் கொல்வித்து, இன்னோர் அண்ணனின் பிள்ளைகளையும் தீர்த்துக்கட்டிய ஒருவனின் கதையை மனக்காயத்தின் கதையாகச் சுருக்கும் வாதம் இது. உடலைக் காரணம் காட்டுபவன் ரிச்சர்டேதான், அதுவும் முதல் தனிமொழியிலேயே. மேடையில் உள்ள அத்தனை பேரிடமும் பொய் சொல்பவன் நம்மிடம் மட்டும் மெய் பேசுவான் என்று எப்படி நம்புவது?

டியூடர் காலத்துத் தாமஸ் மோரும் ஹாலின்ஷெட்டும் தந்த அரக்கனை எடுத்து, 1590களின் தொடக்கத்தில் ஷேக்ஸ்பியர் அவனுக்கு நாவன்மை கொடுத்தார். பர்பேஜ் நடித்தார், கூட்டம் குவிந்தது. கேடு வந்தது 1700ஐ ஒட்டி, காலி சிப்பர் வடிவில். இந்த நடிகர் நாடகத்தைப் பாதியாக வெட்டி முன்னாள் அரசி மார்கரெட், ரிச்சர்டின் அண்ணன் கிளாரன்ஸ், பிரபு ஹேஸ்டிங்ஸ் மூவரையும் நீக்கி, எஞ்சியதை ஒற்றை நடிகரின் வித்தையாக்கினார். 1741இல் நடிகர் காரிக் புகழ்பெற்றது அந்தச் சிதைந்த பிரதியில்தான். 1877இல் இர்விங் மூலத்துக்குத் திரும்பினார். ஆனால் 1955இல் ஒலிவியே எடுத்த படத்தில் மார்கரெட் மறுபடியும் காணாமல் போனாள். சிப்பரின் வரிகள் திரும்பி வந்தன. 1984இல் ஊன்றுகோல்களோடு சிலந்திபோல் பாய்ந்த ஆண்டனி ஷெர் மகத்தான நடிகர்தான். ஆனாலும் கண்கள் அந்த உடம்பை விட்டு அகலவில்லை.

1963இல் பீட்டர் ஹாலும் ஜான் பார்ட்டனும் ஷேக்ஸ்பியரின் முந்தைய வரலாற்று நாடகங்களோடு இதைக் கோத்து மேடையேற்றியதே துணிச்சலான முயற்சி. பெக்கி ஆஷ்கிராஃப்டின் மார்கரெட் இளம் அரசியிலிருந்து சாபமிடும் கிழவி வரை வளர்ந்தபோது, ரிச்சர்ட் நீண்ட கொலைச் சங்கிலியின் ஒரு கண்ணியாகத் தெரிந்தான். விமர்சகர் யான் காட் இதை வரலாற்று எந்திரம் என்று வாசித்தார். அது ஆழமான வாசிப்பு. ஆனால் எந்திரத்தை ஓட்டுபவர்கள் யார் என்பதை ஷேக்ஸ்பியர் பெயர் சொல்லிக் காட்டுகிறார். கிளாரன்ஸைக் கொல்ல வந்தவர்களிடம், காரணத்தை ஆராய மறுத்துச் சாவியைக் கொடுக்கிறான் சிறைக் காவலன் பிராக்கன்பரி. ரிச்சர்டின் அண்ணன் மகனான சிறுவன் அடைக்கலம் புகுந்த இடத்தின் உரிமையைக் காக்க வேண்டிய கார்டினல், ரிச்சர்டின் கூட்டாளி பக்கிங்ஹாம் சற்று வாதாடியதும் இணங்கிப் போகிறார். மூன்றாம் அங்கத்தில் தனியாக ஒரு குமாஸ்தா வருகிறான். ஹேஸ்டிங்ஸ் மீதான குற்றப்பத்திரிகையைப் படியெடுக்க அவனுக்கு 11 மணி நேரம் பிடித்தது. 5 மணி நேரத்துக்கு முன்புவரை ஹேஸ்டிங்ஸ் குற்றஞ்சாட்டப்படாமல் உயிரோடிருந்தான். குற்றச்சாட்டு எழும் முன்பே தீர்ப்பு தயார். சூது குமாஸ்தாவுக்குப் புரிகிறது, ஆனால் வெளியே சொல்ல மாட்டான். அடுத்த காட்சியில் குடிமக்களும் வாய் திறப்பதில்லை. தொப்பியை வீசி வாழ்த்துபவர்கள் பக்கிங்ஹாமின் ஆட்கள். மேயர் பணிந்து வேண்ட, ரிச்சர்ட் பிரார்த்தனைப் புத்தகத்தோடு முடியை ஏற்றுக்கொள்கிறான்.

2018இல் ஸ்டீபன் கிரீன்பிளாட் கொடுங்கோலர்களைப் பற்றிய தன் நூலில் இந்த உடந்தையாளர்கள் பக்கம் விளக்கைத் திருப்பினார். ஆய்வு போக வேண்டிய திசை அதுவே. குமாஸ்தாவின் பேச்சு 14 வரிதான் என்பதால் இயக்குநர்களின் கத்தரி எளிதில் அங்கே போய்விடுகிறது. இந்நாடகத்தை மேடையேற்ற நினைப்பவர்கள் வேறு எதை வேண்டுமானாலும் குறைக்கட்டும், அந்த 14 வரிகளில் கை வைக்க வேண்டாம்.