ஆவியைக் குறைத்தால் மட்டும் போதுமா?

குளிர்கால பெட்ரோல் மைலேஜைத் தின்றுவிடுகிறது என்பது அமெரிக்கக் கார்க்காரர்களின் பழைய புகார். அதில் உண்மை கொஞ்சம்தான். குளிரில் எஞ்சின் சட்டென்று கிளம்புவதற்காக, எளிதில் ஆவியாகும் பியூட்டேனைக் கூடுதலாகக் கலக்கிறார்கள். அது மலிவானது, லேசானது. அதனால் ஒரு கேலனில் அடங்கும் ஆற்றல் கோடைக்கலவையைவிட ஏறக்குறைய 2 சதவீதம் குறைகிறது. ஆனால் மைனஸ் 7 டிகிரியில் ஓடும் கார், 25 டிகிரியில் கிடைக்கும் மைலேஜில் சுமார் 15 சதவீதத்தை இழக்கிறது. கெட்டிப்பட்ட ஆயில், சூடேறத் தாமதிக்கும் எஞ்சின், அடர்ந்த காற்று ஆகியவற்றுக்குத்தான் அந்த இழப்பில் பெரும்பங்கு.

பருவக்கலவை வந்ததே காற்றுக்காக. கோடை வெயிலில் பெட்ரோலிலிருந்து எழும் ஆவி, வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்ஸைடுகளோடு வினைபுரிந்து தரைமட்ட ஓசோனாகிறது. ஆஸ்துமா உள்ள குழந்தைகளை அது எப்படி வதைக்கும் என்பது தெரிந்ததே. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1989 முதல் கோடைக்கால ஆவியழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை பெட்ரோல் பங்க்குகளில் விற்கும் பெட்ரோலுக்குப் பொதுவான வரம்பு சதுர அங்குலத்துக்கு 9 பவுண்டு. ஓசோன் மிகுந்த சில பகுதிகளில் 7.8.

நோக்கம் சரி, அளவுகோல்தான் பிசகு. எவ்வளவு ஆவியாகிறது என்று பார்க்கும் விதி, எது ஆவியாகிறது என்று பார்ப்பதில்லை. சுத்திகரிப்பு நிலையங்கள் செலவு குறைந்த வழியாகப் பியூட்டேனை எடுத்துவிட்டன. அதுவோ ஓசோனை உண்டாக்குவதில் மந்தமானது. வேகமாக வினைபுரியும் சேர்மங்கள் உள்ளேயே தங்கின. மேக்ஸிமிலியன் ஆஃப்ஹாமர், ரயன் கெல்லாக் என்ற பொருளியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், முகமையின் இந்தக் கூட்டாட்சி விதியால் ஓசோன் குறிப்பிடும்படி குறைந்ததாகத் தெரியவில்லை. கலிபோர்னியா 1996இல் கொண்டுவந்த கலவையோ, கெடுதல் மிகுந்த சேர்மங்களையே குறிவைத்தது. அங்கே காற்று தெளிவாக மேம்பட்டிருந்தது.

அதற்கு விலையும் உண்டு. அந்தக் கலவையைத் தயாரிக்கும் ஆலைகள் குறைவு. ஒன்றிரண்டு நின்றாலே பங்க்கில் விலை எகிறும். 2012இலும் 2023இலும் அப்படி எகிறியபோது, குளிர்காலக் கலவையை முன்கூட்டியே விற்க அம்மாநிலம் அனுமதித்தது. அந்தச் சுமையோடும் கலிபோர்னியாவின் வழியே மேல் என்பேன்.

கூட்டாட்சி விதியில் என்னால் ஏற்கவே முடியாதது எத்தனால் சலுகை. 10 சதவீத எத்தனால் கலந்தால் ஆவியழுத்தம் ஏறத்தாழ 1 பவுண்டு ஏறும். அதைக் கட்டுப்படுத்தாமல், பல பகுதிகளில் வரம்பையே 1 பவுண்டு தளர்த்தியிருக்கிறார்கள். மைலேஜிலும் எத்தனால் 3 சதவீதம்போலக் குறைக்கிறது. குளிர்காலக் கலவையால் வரும் இழப்பைவிட அது அதிகம்; அதுவும் ஆண்டு முழுக்க.