பிழைப் பட்டியலில் இடம்பெறாதவை

தமிழை இரண்டாம் மொழியாகக் கற்போரின் எழுத்துப் பயிற்சிகளிலிருந்து பிழைகளைத் திரட்டி, அவற்றை எழுத்து, சொல், தொடர் என வகைப்படுத்தி, வகைதோறும் விழுக்காடு கணக்கிட்டு, இறுதியில் தாய்மொழித் தாக்கமே காரணம் எனக் கூறி முடிப்பது நம்மிடையே வேரூன்றிய ஆய்வுமுறை. இக்கட்டுரையாளரின் தொடக்ககால ஆய்வும் இதற்கு விலக்கன்று. இம்முறை எதைக் காட்டுகிறது, எதைக் காணத் தவறுகிறது என்பதை மதிப்பிடுவதே இங்கு நோக்கம்.

இரு மொழிகளின் அமைப்புகளை உறழ்ந்து நோக்கினால் கற்போர் இடர்ப்படும் இடங்களை முன்னரே அறியலாம் என்பது ராபர்ட் லாடோ 1957இல் முன்வைத்த கருத்து. 1967இல் பிட் கார்டர் வேறொரு பார்வையை அளித்தார். மறதி, சோர்வு முதலியவற்றால் நேரும் தவற்றையும், கற்பவர் அதுவரை தாமே அமைத்துக்கொண்ட விதியிலிருந்து பிறக்கும் பிழையையும் அவர் வேறுபடுத்தினார். பின்னது ஒழுங்குடையது. கற்பவர் எதுவரை வந்துள்ளார் என்பதை அது ஆசிரியருக்கு உணர்த்துகிறது. மொழி எவ்வாறு கற்கப்படுகிறது என்பதை ஆய்வாளருக்குக் காட்டுகிறது. கற்பவருக்கோ தம் கருதுகோளைச் சோதித்துப் பார்க்கும் வழியாகிறது. இத்தகைய விதிகளாலான அமைப்பையே செலிங்கர் 1972இல் ‘இடைமொழி’ என்றார். நம் ஆய்வேடுகளோ பெரும்பாலும் முன்னுரையில் கார்டரைப் போற்றி, முடிவுரையில் லாடோவிடம் திரும்பிவிடுகின்றன.

இரு சான்றுகளைக் காணலாம். மலையாளம் பேசுபவர் ‘வரவில்லை’ என்பதற்கு ‘வந்தில்லை’ என எழுதினால், ‘வந்நில்ல’ என்னும் மலையாள வடிவின் தாக்கம் அதில் வெளிப்படை. இந்தி பேசுபவர் ‘போனான்’ என்பதற்குப் ‘போகினான்’ என எழுதும்போது, அவ்வடிவில் இந்திக்கு உரியது எதுவுமில்லை. போக, போகும் என்பவற்றிலிருந்து ‘போகு’ என்னும் அடியைப் பிரித்து, ஓடினான், பாடினான் என்பவற்றின் வழியில் இறந்தகால இடைநிலையைச் சேர்த்துள்ளார். அவர் கற்ற தமிழே அப்பிழையைத் தந்துள்ளது. பட்டியலில் இரண்டும் ‘வினைமுற்றுப் பிழை’ என்னும் ஒரே தலைப்பில் அடங்கிவிடுகின்றன. காரணம் வேறாயின், கற்பித்தலும் வேறாக வேண்டுமன்றோ?

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. பிழையை மட்டும் எண்ணும் ஆய்வு, கற்பவர் எழுதாமல் விட்டவற்றைக் காண்பதில்லை. ஆங்கிலம் கற்போரின் பெயரடைத் தொடர்களை ஆராய்ந்த ஜாக்குலின் ஷாக்டர் 1974இல் இதைச் சுட்டிக்காட்டினார். சீன, ஜப்பானிய மொழியினர் அத்தொடர்களில் பாரசீக, அரபு மொழியினரைவிடக் குறைவாகப் பிழை செய்தனர். ஆனால் அத்தொடர்களை அவர்கள் கையாண்டதே குறைவு. பிழையின்மைக்குத் தேர்ச்சியன்றித் தவிர்ப்பும் காரணமாகலாம்.

தமிழ் வகுப்பிலும் இந்நிலை உண்டு. ‘நான் படித்த புத்தகம் நன்றாக இருந்தது’ என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு மாணவர் ‘நான் படித்தேன் புத்தகம் நன்றாக இருந்தது’ என எழுதுகிறார். மற்றொருவர் ‘நான் ஒரு புத்தகம் படித்தேன். அது நன்றாக இருந்தது’ என எழுதுகிறார். முன்னவர் மதிப்பெண் இழக்கிறார். பின்னவர் முழு மதிப்பெண் பெறுகிறார். பெயரெச்சத்தை முயன்றவர் முன்னவரே. பெயருக்கு முன் அடை வரவேண்டும் என்பதை அவர் அறிந்துள்ளார். வினைமுற்று எச்சமாக மாறவேண்டும் என்பதையே இன்னும் அறியவில்லை. பின்னவர் பெயரெச்சத்தை அறிவாரா என்பது அவர் விடைத்தாளிலிருந்து தெரியவில்லை. மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கும் இது பொருந்தும். நீண்ட தொடர்களையெல்லாம் துண்டாக்கித் தருபவரின் பிழைப்பட்டியல் சிறிதாகவே இருக்கும்.

நம் இலக்கண மரபு வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றாகப் பகுத்துக் காண்கிறது. மகிழ்ச்சி மிகுதியால் பசுவை உயர்திணையாகக் கூறுவது காரணம் நோக்கி அமைத்துக்கொள்ளப்படுகிறது. கற்பவரின் பிழை வழுவமைதி ஆகாது; அது திருத்தப்பட வேண்டியதே. பிழை நிலைத்து உறைந்துவிடக்கூடும் என்பதைச் செலிங்கரும் சுட்டியுள்ளார். ஆயினும் வழுவைக் கண்டதும் அதன் காரணத்தை வினவும் அணுகுமுறை நமக்குப் புதிதன்று.

எனவே பிழை ஆய்வில் மூன்று மாற்றங்கள் தேவை. ஒன்று, ஓர் அமைப்பில் நேர்ந்த பிழைகளுடன், அவ்வமைப்பு எத்தனை இடங்களில் முயலப்பட்டது, எத்தனை இடங்களில் சரியாக அமைந்தது என்பனவும் பதிவாக வேண்டும். இரண்டு, வேறு தாய்மொழியினரும் அப்பிழையைச் செய்கின்றனரா என ஒப்பிட்ட பின்னரே தாய்மொழித் தாக்கம் என்னும் முடிவுக்கு வரவேண்டும். மூன்று, மதிப்பீட்டில் முயற்சிக்கும் ஒரு பங்கு மதிப்பெண் அளிக்கப்பட வேண்டும். இல்லையேல், அறிந்த எளிய தொடர்களுக்குள் ஒதுங்கிக்கொள்வதே பாதுகாப்பு என்பதை நம் விடைத்தாள் திருத்தமே மாணவர்க்குக் கற்பித்துவிடும்.