தொடக்கத்தார்க்கு இனிமை: வாக்குப்பொறியும் சுஜாதாவின் அறிவியல் உரைநடையும்

நூலொன்று யாவர் பொருட்டு எழுதப்படுகின்றதோ அவர்க்கு இனிமை பயத்தல் வேண்டும் என்பது நம் இலக்கண நூலார் கொள்கை. பவணந்தியார் நன்னூற் பொதுப்பாயிரத்தில் நூற்குரிய குற்றம் பத்து என்றும் அழகு பத்து என்றும் வகுத்துரைத்தார். சுருக்கம், விளக்கம், பயில்வார்க்கு இனிமை என்பன அவ்வழகுகளுள் முன்னிற்பன. இவ்வளவைகளைப் பொதுமக்கள் கையாளும் கருவிகளுக்கும் பொருத்திக் காணலாமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் வினா. அதற்கு மின்னணு வாக்குப்பதிவுப் பொறியையும், அதன் உருவாக்கத்திற் பங்குகொண்ட சுஜாதாவின் அறிவியல் உரைநடையையும் ஒருங்கு வைத்து நோக்குகின்றோம்.

எஸ். ரங்கராஜன் என்னும் இயற்பெயருடைய சுஜாதா (1935–2008) திருவரங்கத்தில் வளர்ந்தவர். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியிற் பயின்றவர். பின்னர்ப் பெங்களூர்ப் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திற் பொறியாளராகப் பணியாற்றியவர். அப்பொறியை ஐதராபாத்திலுள்ள பொதுத்துறை நிறுவனமொன்றும் உருவாக்கியதாதலின், அதனை ஒருவர் கைவண்ணமென்று கூறுதல் பொருந்தாது. எனினும் பெங்களூரில் நிகழ்ந்த பணியில் அவர்க்கிருந்த பொறுப்பு யாவரும் அறிந்ததே.

1951–52-இல் நிகழ்ந்த முதற் பொதுத்தேர்தலில் வாக்காளருட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஆதலின் வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மீது சின்னத்தை ஒட்டினர். பின்னர் ஒரே தாளிற் பல சின்னங்களை அச்சிட்டு, வேண்டியதன்மேல் முத்திரையிடும் முறை வந்தது. முத்திரை இரண்டு சின்னங்களுக்கு இடையே விழினும், இரண்டின்மேல் விழினும் அவ்வாக்குச் செல்லாதாயிற்று. கருத்துத் தெளிவாயிருந்தும் கைப்பழக்கம் இன்மையால் ஒருவர் தம் உரிமையை இழந்தனர். இது வாக்காளரின் குற்றமன்று. கருவியின் குற்றமே என்பது எம் கருத்து.

இனி, எடமலைப்பட்டி புதூரில் முதன்முறையாக வாக்களிக்க வரும் மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர்முன் இருப்பது பெயர், சின்னம், நீலப் பொத்தான் என்பன வரிசையாய் அமைந்த பலகை. ஒரு பலகையில் 16 வரிசைகளுக்கு இடமுண்டு. 2015 முதல் வேட்பாளரின் நிழற்படமும் அதிற் சேர்ந்தது. பார்வையற்றோர் தடவி அறியப் பிரெயில் எண்களும் உள. பொத்தானை அழுத்தியவுடன் அதனருகே சிவப்பு விளக்கு எரிகின்றது, ஒலியும் எழுகின்றது. அறியவேண்டுவது ஒரே செயல்; அது முடிந்தமைக்குக் கண்ணுக்கும் செவிக்கும் சான்று கிட்டுகின்றது. மீண்டும் அழுத்தினும் பயனில்லை. அலுவலர் தம் பொறியிற் பொத்தானை இயக்கினாலன்றி அடுத்த வாக்குப் பதிவாகாது. பிழைசெய்தாரைத் தண்டிப்பது பழைய முறை. பிழைக்கே இடமின்றிச் செய்வது இப்புதிய முறை. கற்கும் சுமையைப் பயன்படுத்துவார்மேல் ஏற்றாது, ஆக்குவோர் தாமே ஏற்றனர் என்க.

இதே நெறியைச் சுஜாதா ஜூனியர் விகடனில் எழுதிய 'ஏன்? எதற்கு? எப்படி?' பகுதியிலும் காண்கின்றோம். அங்கு வாயிலாக நிற்பது வாசகரின் வினாவே. துறையின் வரையறை அன்று. அறியாமையோடு வருவார் நாணவேண்டுவதில்லை; அவ்வறியாமையே உரையாடலுக்கு முதலாகின்றது. தொடர்கள் குறுகியன, மக்கள் வழங்கும் ஆங்கிலச் சொற்களும் விலக்கின்றி வருவன. இவ்வழக்கைத் தமிழ்த்தூய்மை கருதுவோர் குறைகூறுவர். கலைச்சொல்லாக்கம் இன்றியமையாதது என்பதில் எமக்கும் ஐயமில்லை. ஆயினும் முதற்படியில் நிற்பார்க்குப் புதிய பொருளையும் புதிய சொல்லையும் ஒருங்கே சுமத்துதல் மயங்க வைத்தல் என்னும் குற்றத்தின்பாற் படும்.

எனினும் இவ்வெளிமை முற்றும் குற்றமற்றதன்று. சுருங்கிய விடை சிலவிடத்துக் குன்றக் கூறலாய் முடியும். படித்தவர் தாம் உணர்ந்துவிட்டதாக மகிழ்வர், உணர்ந்திரார். பொறியின் வரலாறும் இதனையே காட்டுகின்றது. 1982-இல் கேரளத்துப் பறவூரில் முதற்கண் பயன்பட்ட பொறியை, அதற்குச் சட்டத்தில் இடமின்மை காட்டி 1984-இல் உச்சநீதிமன்றம் விலக்கியது. 1988-இற் சட்டம் திருத்தப்பெற்றது. 2004 பொதுத்தேர்தலில் நாடு முழுதும் பொறியே வழங்கியது. கையாளுதல் எளிதாயிற்று, ஆனால் உள்ளே நிகழ்வது எவர் கண்ணுக்கும் புலனாகாமையின் ஐயம் எழுந்தது. 2013 முதல் வாக்கினைத் தாளில் அச்சிட்டு ஏழு நொடி காட்டும் இணைப்புப் புகுந்தமை அவ்வையத்திற்கு விடையாகும். இனிமை வேறு, விளக்கம் வேறு. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) கூறும் குடவோலை முறை இவ்விடத்து நினையத்தக்கது. அது இன்றைய மக்கள் வாக்குரிமை அன்று. தகுதியுடையார் பெயர்களுள் ஒன்றைத் திருவுளச்சீட்டால் தேர்தலேயாகும். எனினும் பெயர் பொறித்த ஓலைகளைக் குடத்திலிட்டு, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக்கொண்டு அவையினர் முன்னிலையில் எடுப்பித்தனர். செயல் குழந்தைக்கும் எளிது. நிகழ்வது அவையோர் அனைவர்க்கும் வெளிப்படை.

சங்கநூல்களை முதன்முறை அணுகும் மாணாக்கர்க்கு உரையும் பதிப்பும் ஆக்குவோர் இவ்வாராய்ச்சியிற் கொள்ளத்தக்கன இரண்டு. பாடலை நெருங்கவொட்டாது தடுப்பது மாணாக்கர் அறிவின்மை என்று பழிப்பதன்முன், உரையின் அமைப்பிற் குறையுண்டோ என ஆராய்தல் வேண்டும்; இது முதலாவது. எளிமைப்படுத்தும்போது, பொருள் எவ்வாறு பெறப்பட்டது என்னும் வழியை மறையாது காட்டுதல் வேண்டும், இது இரண்டாவது. பொழிப்பை மட்டும் தந்து சொற்பிரிப்பையும் பாடவேறுபாட்டையும் ஒளிக்கும் பதிப்பு, விளக்கெரிந்தும் தாள் காட்டாப் பொறியை ஒக்கும். வரவேற்கும் வாயிலும் உள்ளே காணும் ஒளியும் ஒருங்கே அமைந்த நூலே தொடக்கத்தார்க்கு இனிமை பயப்பதாகும் என்பது எம் துணிபு.