தண்டுவடத்தின் ஓரத்தில்

முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கான ஸ்டீரியோடாக்டிக் கதிர் அறுவையில் கத்தியே கிடையாது. பல கோணங்களிலிருந்து வரும் கதிர்கள் கட்டியில் கூடுகின்றன. ஒரே அமர்வில் 16 முதல் 24 கிரே (கதிரளவின் அலகு) வரை. சில மில்லிமீட்டர் தள்ளி ஓடும் தண்டுவடத்தின் எந்தப் புள்ளியிலும் சுமார் 14 கிரேயைத் தாண்டவிடமாட்டார்கள். என்ன துல்லியம்!

1951-ல் மருத்துவர் லார்ஸ் லெக்செல் வகுத்த கதிர் அறுவை முறை தலைக்கானது. மண்டையோட்டில் சட்டத்தைத் திருகி அசையாமல் பிடித்தார்கள். முதுகுக்கு அது முடியாது. சென்னை அப்போலோ மருத்துவமனைக்கு 2009-ல் வந்த சைபர்நைஃப் கருவி, சிகிச்சை நடக்கும்போதே எக்ஸ்ரேயில் எலும்பைப் பார்த்துப் பார்த்து ரோபோ கையைத் திருத்திக்கொள்கிறது.

நான் அதிகம் ரசிப்பது படுக்கையை. தெர்மாகோல் போன்ற குட்டி மணிகள் நிறைந்த பை அது. அதில் நோயாளியைப் படுக்கவைத்து, உடம்பைச் சுற்றி அணைத்து, காற்றை உறிஞ்சினால் கல்லாய் இறுகி அவர் ஒருவருக்கே உரிய அச்சாகிவிடும்.

வெள்ளிமலையிலிருந்து கல்வராயன் மலை இறங்கி, கள்ளக்குறிச்சியில் சென்னை பஸ் ஏறுகிறவருக்கு ஒவ்வொரு குலுக்கலும் முதுகில் வலி. அதனால் அமர்வுகளின் எண்ணிக்கை அவருக்கு முக்கியம். வழக்கமான கதிர்வீச்சு பெரும்பாலும் 10 அமர்வு. இந்தக் கதிர் அறுவையோ 1 முதல் 5. கட்டி தண்டுவடத்தை நெருக்கிவிட்டால் பலருக்கு முதலில் அறுவை சிகிச்சை தேவைப்படும். அதனால் கால் மரத்தாலோ தளர்ந்தாலோ அன்றே கிளம்பிவிட வேண்டும்.